ஹோம் பாயின்ட்

ட்ரோன் ஓட்டவா மூன்று வருஷம்?
கல்யாண வீட்டில் பறக்குமே, அதுவா?
ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.
ஏர் லா பேப்பரில் இரண்டு முறை அரியர் வைத்ததை
சாயல்குடி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
விளக்க முடியாது.

எங்கள் வீடு உச்சிப்புளி.
வான்வெளி வரைபடத்தில் அது சிவப்பு.
கடற்படை விமானம் இறங்குகிற ஊரில்
என் மொட்டைமாடியிலிருந்து
ஒரு சாண்கூட நான் எழும்பக் கூடாது.
சும்மா ஒருநாள் பொத்தானை அழுத்திப் பார்த்தேன்.
இறக்கைகள் அசையவில்லை,
சட்டத்தை அதற்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.
கொடியில் அம்மாவின் சேலை மட்டும்
அனுமதி கேட்காமல் பறந்துகொண்டிருந்தது.

அதனால் பறக்கும் மணிநேரம் சேர்க்க
இரண்டு பஸ் மாறி மூக்கையூர்.
பெட்டிக்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார்,
உள்ளே என்ன, மீனா என்று கேட்டுவிட்டு.

ஆனி மாதம். கடற்புல் கணக்கெடுப்பு,
இறுதியாண்டு ப்ராஜெக்ட்.
படகு கிளிட்டஸுடையது. பத்தாவதில் என் வகுப்பு.
டீசல் போட்டால் போதும் என்றான்,
பிறகு முந்நூறும் வாங்கிக்கொண்டான்.

காற்றுமானியைப் பார்த்து நான் சொன்னேன்:
இருநூற்று நாற்பது பாகை, பதினான்கு நாட்.
அவன் சொன்னான்: கச்சான்.
உதட்டில் அடித்த உப்பை
இருவரும் ஒரே பக்கமாகத் துப்பினோம்.

செயற்கைக்கோள் பதினாறு. திசைகாட்டி சரி.
வீடு பதிவாகிவிட்டது என்றது திரை.
அணியத்தில் நின்று ரெபோனியா தூக்கிப் பிடிக்க
அது அவள் விரல்களை விட்டு எழும்பியது.
எழுபது மீட்டரிலிருந்து கடல்:
பால் சட்டியில் அடிப்பிடித்த மாதிரி
திட்டுத் திட்டாய்ப் புல்.
போய்த் திரும்பி, போய்த் திரும்பி
உழவு போல் படம் எடுத்தது.

ஒன்பதாவது வரிசையில் பேட்டரி குறைந்தது.
வீடு திரும்புகிறேன் என்றது.
திரும்பட்டும் என்று நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன்.

நங்கூரம் மணலில் இழுபட்டதை
யாரும் கவனிக்கவில்லை.
மேலே கச்சான், அடியில் நீவாடு,
இரண்டும் பேசிவைத்தாற்போல்
எங்களை இருநூறு மீட்டர் தள்ளி வைத்திருந்தன.

அது வந்தது.
எங்களிடம் இல்லை,
நாங்கள் இருந்த இடத்துக்கு.
நின்றது. மூக்கைச் சரியாகத் திருப்பிக்கொண்டது.
ரத்து செய்யும் பொத்தானைத் தேடினேன்,
வெயிலில் திரை வெறும் கண்ணாடி,
என் முகமும் வாயோரத்துப் பிஸ்கட் தூளும் தெரிந்தன.
ஆறு பாகத் தண்ணீரின் மேல்
நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில்
பதறாமல்
பாடத்தில் உள்ளபடியே இறங்கியது.
பச்சை விளக்கு உள்ளேயும் கொஞ்ச நேரம் எரிந்தது.

சரியாத்தானே எறங்குச்சு, பெறவு ஏன் அழுவுற?
என்று கேட்டுவிட்டு கிளிட்டஸ் குதித்தான்.
இரண்டு முங்கு.
ஒன்றில் ஒரு கை சேறு.
இன்னொன்றில் அதுவும் இல்லை.

வைவாவில் நிபுணர்
தடப்பதிவைப் பெரிதாக்கிக் காட்டினார்.
கிளம்பிய புள்ளிக்கும் இறங்கிய புள்ளிக்கும்
நாற்பது சென்டிமீட்டர்தான் வித்தியாசம்.
மெஷினில் குறையில்லையே அம்மா?
இல்லை சார்.
காற்று?
வரம்புக்குள்தான் சார்.
அவர் காத்திருந்தார்.
மின்விசிறிக்குக் கீழே
என் ரெக்கார்டு நோட்டு தானாகப் பக்கம் புரட்டியது.
படகில் நின்றுகொண்டு
இதுதான் வீடு என்று சொன்னது நான், சார்.
ம், என்றார். ஏதோ மதிப்பெண் போட்டார்.

டெபாசிட்டில் பிடித்தது போக
இன்னும் முப்பத்தோராயிரம் கட்ட வேண்டும்.
லேப் அட்டெண்டர் பதிவேட்டை நீட்டினார்.
‘நிகழ்வின் தன்மை’ என்ற கட்டத்தில்
தரையிறக்கம் என்று எழுதினேன்.
யோசித்து, தரையை மட்டும் அடித்தேன்.
மீதி, ‘யிறக்கம்’ என்று
எழுத்துப்பிழை மாதிரி நிற்கிறது.