சார்ஜரைக் கழற்றிய பின்

மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினோம்,
நானும், ஆம்பிளிஃபயரை எனக்கு விற்ற ஹவெல்காவும்.
விற்றவரே சுமந்து வருவது இந்தக் கட்டடத்தில் வழக்கமில்லை.
அது எங்கே குடிபோகிறது என்று அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது.
ஜன்னலோரம் வேண்டாம் என்றார். காபி வேண்டாம் என்றார்.
ஸ்பீக்கர் இரண்டையும் சோபாவைப் பார்க்கச் சற்றே திருப்பினார்,
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளை
ஒரே பந்தியில் உட்காரவைப்பது போல.

கேபிள் எண்பது கொருனா.
ஒரு முனை ஊசி, மடிக்கணினியின் துளைக்கு.
மறுமுனை பிரிந்து சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று.
செருகினேன்.
பாட்டைத் தொடும் முன்பே
அறை உறுமியது.

உறுமல் எனக்குப் புதிதல்ல.
பதினோரு வருடமாக ப்ர்னோ நகரில் டிராம் ஓட்டுகிறேன்.
மோட்டாருக்கு என்ன குறை என்று
பூட்ஸின் அடித்தோல் வழியாகவே தெரிந்துவிடும்.
ஆனால் இது நிற்கிற வண்டியின் உறுமல்.
எந்த நிறுத்தமும் வராது அதற்கு.

வேறு கேபிள். வேறு பிளக். விளக்கை அணைத்தேன்.
ஃபிரிட்ஜை அணைத்தேன்
(காலையில் பால் திரிந்திருந்தது, அது தனிச் சண்டை).
இரவு பத்தரைக்குக் கீழே போய்க் கதவைத் தட்டினேன்.
பைஜாமாவில் நின்ற ஹவெல்கா
முழுதாகச் சொல்ல விடவில்லை.
"சார்ஜரைக் கழற்று" என்றார். சாத்திக்கொண்டார்.

கழற்றினேன்.

உறுமல் நின்றது என்று சொன்னால் போதாது.
நான் அதுவரை தோள்களைத் தூக்கிப் பிடித்திருந்தேன்
என்பது அவை இறங்கியபோதுதான் தெரிந்தது.
திரையின் மூலையில்:
ஒரு மணி நாற்பது நிமிடம் மீதம்.

எதைக் கேட்பது என்று பன்னிரண்டு நிமிடம் வீணாக்கினேன்.
கடைசியில் ராதிமின் பழைய பதிவு.
என் தம்பியும் அவன் கூட்டாளிகளும்
ஒரு கோடையில் கேரேஜில் வாசித்தது.
மடிக்கணினியின் வாயால் கேட்டால்
தீப்பெட்டிக்குள் ஈ.
இன்று
இடதுபுறம் பேஸ் கிடாரின் தடித்த கம்பி அதிர்வதற்கு முன்
அவன் விரல் அதில் படுகிற சத்தம்.
வலதுபுறம் போர்ஷெக்கின் விரிசல் விட்ட தாளத்தட்டு.
இரண்டுக்கும் நடுவே, புத்தக அலமாரி இருக்கிற இடத்தில்,
யாரோ பாடுகிறார்கள். அலமாரியைக் காணவில்லை.

பாட்டு முடிந்து, அடுத்தது தொடங்காத இடைவெளியில்
தகரக் கதவு கிறீச்சிட்டது.
ஒரு பெண்குரல்:
"மூடவா, திறந்தே கிடக்கட்டுமா?"

பின்னால் தள்ளிக் கேட்டேன். நான்கு முறை.
ஐந்தாவது முறை வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க அவன் முகத்தில் விழிக்கவில்லை,
ஒரு வார்த்தை பேசவில்லை
என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.
அம்மாவிடம். நான் கட்டிக்கொண்டு பிறகு விட்டவனிடம்.
பல்மருத்துவரிடம்கூட ஒரு தரம், வாயில் பஞ்சோடு.

ஆஸ்ட்ராவாவில் டயர் விற்கிறவனுக்கு எழுதினேன்:
கேரேஜுக்கு நான் வந்தேனா?

டொங்!
இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து கத்தியதில்
கப் தட்டில் குதித்தது.
கீழிருந்து ஹவெல்கா குழாயைத் தட்டினார்.
பதில்:
வந்தாய். டீ கொண்டுவந்தாய். சர்க்கரை போட மறந்து.
மணி என்ன தெரியுமா உனக்கு?

ஆறு சதவீதம்.
திரை மங்கி மஞ்சள் முக்கோணம் காட்டியது.
நிறுத்தலாம். சார்ஜரைச் செருகலாம்.
செருகினேன்.

உறுமல் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.
இரண்டாவது பாட்டில் ராதிம் அடிக்கடி திரும்பி வருகிற அந்தக் கீழ்ச்சுரமும்
சுவருக்குள்ளிருந்து வருகிற இந்த உறுமலும்
ஏறக்குறைய ஒன்று. ஏறக்குறையதான்.
அந்த மயிரிழை வித்தியாசத்தில்
ஒலி பருத்து, இளைத்து, பருத்து,
நொடிக்கொரு தடவை.
ஒலியைக் குறைத்து வைத்து விடாமல் கேட்டேன்.

நாலே முக்காலுக்கு டிப்போ. பனி.
சந்தை நிறுத்தத்தில் கதவு பொத்தானில் விரல் வைத்து
ஒரு நொடி கூடுதலாகப் பொறுத்தேன்.
யாரும் ஏறவில்லை.
மூடினேன்.