பட்டியலில் இல்லாதது

விடுதிக் கடிதத்தின் இரண்டாம் பக்கம்,
கொண்டுவரக் கூடாதவை:
கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி, ஹீட்டர் கம்பி,
சமையல் பாத்திரம் எதுவும்.
கேம் கொன்சோல் என்று எங்கும் இல்லை.
அப்படியென்றால் கொண்டுவரலாமா,
இல்லை, எழுதியவருக்கு
அப்படியொன்று இருப்பதே தெரியாதா?

மூன்று நாள் பை திறந்தே கிடந்தது.
காலையில் சாரத்தில் சுற்றி உள்ளே வைப்பேன்.
அஸர் தொழுதுவிட்டு வந்து வெளியே எடுப்பேன்.
அது இருந்த இடத்தில் வாளி போகும்,
நுளம்பு வலை போகும்,
தலையணை மட்டும் எப்படி வைத்தாலும் போகாது.

இஜ்லானிடம் கேட்டேன். இரண்டாம் வருஷம்.
"கொண்டா மச்சான்,
ஆனா டீவி எங்க இரிக்கி?
சீனியர்மார்ர ஹோல்ல.
முதல் நாள் உண்ட பெட்டி,
அடுத்த நாள் அவங்கட பெட்டி."
உம்மா கேட்டது வேறு:
"அதுக்கும் தனியா ஹொஸ்டல் காசு எடுப்பாங்களா?"
வாப்பா ஒன்றும் கேட்கவில்லை.
பையின் சிப் ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்தார்,
மூடாமல் போய்விட்டார்.

உயர்தரம் முடிந்தது, பெறுபேறு வரவில்லை.
பெறுபேறு வந்தது, வெட்டுப்புள்ளி வரவில்லை.
வெட்டுப்புள்ளி வந்தது, கடிதம் வரவில்லை.
"இப்ப என்ன செய்யிறீங்க தம்பி?"
மருதமுனையில் கேட்காத ஆளில்லை.
அந்த ஒன்றரை வருஷமும் நான்
பெயர் தெரியாத ஒரு ஊரின் உதைபந்தாட்ட முகாமையாளன்.
மூன்றாம் பிரிவிலிருந்த அணியை
முதலாம் பிரிவுக்கு ஏற்றினேன்.
வேறு எதிலும் அப்போது நான் ஏறவில்லை.

கல்முனையில் போன் கடையில் நின்று உழைத்த காசை
அதே கடையில் கொடுத்து வாங்கிய பழைய பெட்டி.
நாலாயிரம் குறைந்தது.
நஸ்ஹா தன் புலமைப்பரிசில் காசை நீட்டினாள்.
நாற்பத்திரண்டில் நாலு;
அன்றிலிருந்து அவள் கணக்கில் பாதி.
நல்ல கொன்ட்ரோலர் அவளுக்கு.
இடது குச்சி தானாக மேலே இழுக்குமே, அது எனக்கு.
அந்த இழுப்பை மறிக்கப்
பெருவிரலைப் பழக்கி வைத்திருந்தேன்.

கொண்டு போறீங்களா காக்கா என்று
அவள் கேட்கவேயில்லை.
ஞாயிறு இரவு
பெட்டியின் ஓட்டைகளிலிருந்த தூசியை
காது துடைக்கும் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள்.
ஒரு வார்த்தை கேட்டிருந்தால்
வைத்துவிட்டுப் போயிருப்பேன்.

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
களுவாஞ்சிகுடியில் ஏறிய ஒரு அம்மா,
"என்ன மகன், கேக்கா?"
ஓம் என்றேன்.
காத்தான்குடி, கல்லடிப் பாலம்,
ஏறாவூர், செங்கலடி வரைக்கும்
அவர் தன் பையை அதன்மேல் படாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

வந்தாறுமூலை.
அறையில் நாலு கட்டில், ஒரே ஒரு பிளக்.
மூதூர் ஸப்ரான், வாகரை துஷிகரன்,
மஹாஓயா சமிந்து.
மூன்று போனும் ஏற்கெனவே வரிசையில்.
சாரத்தை அவிழ்த்தேன்.
பெட்டி இருந்தது.
கொன்ட்ரோலர் இருந்தது, நல்லது, அவளுடையது.
பவர் வயர் இல்லை.

"வயர் என்னட்ட.
வெள்ளிக்கிழமை வாங்க"
என்று வந்திருந்தது,
பஸ் இன்னும் பெரியகல்லாறு தாண்டாத நேரத்தில்.

மேசையில் இடமில்லாமல்
சமிந்து அதன்மேல் பிஸ்கட் பக்கற்றை வைத்தான்.
பிறகு தேத்தண்ணிக் கோப்பையை வைக்கப் போனான்.
அதை மட்டும் தடுத்தேன்.

செங்கலடியில் அதே வயர் முந்நூற்றைம்பது.
புதன்கிழமை விலை கேட்டேன்.
கடைக்காரர் தூசி தட்டி
மேசையில் எடுத்தே வைத்துவிட்டார்.
"இல்ல, சும்மா கேட்டன்" என்றேன்.
முகம் கொஞ்சம் சுருங்கியது அவருக்கு.

ஜும்ஆ முடிந்து
கல்முனைப் பக்கம் போற பஸ் எத்தனை மணிக்கு என்று
அவரிடமேதான் கேட்டேன்.