ஆணி அடிக்கக் கூடாது

அட்வான்ஸ் நாற்பதாயிரத்தை எண்ணி வாங்கிக்கொண்டு
தெய்வாத்தாள் அம்மா சொன்னது ஒன்றே ஒன்று:
"செவுத்துல மட்டும் ஆணி அடிச்சறாத கண்ணு."

சாமி படங்களைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்தோம்.
காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது.
கடிகாரம் பிரிட்ஜின் மேல் மல்லாந்து
கூரைக்கு மணி காட்டியது.

தண்ணீருக்குத்தான் வழி கிடைக்கவில்லை.
போர்த் தண்ணி. காய்ச்சும் போசியில்
வெள்ளையடித்ததுபோல் உப்பு ஏறும்.
பருப்பு மூன்று விசில் கூடுதலாய்க் கேட்கும்.
கேன் முப்பத்தைந்து, மாடிக்குத் தூக்க ஐந்து.
கூட்டிப் பார்த்துவிட்டுச் சீட்டுப் பணத்தில்
ஒரு பில்டர் வாங்கினேன்.

மூன்று வாரம் அது அட்டைப் பெட்டிக்குள் கிடந்தது.
மாட்ட வருகிறவர் தீர்த்தகிரி.
"பேர்லயே தண்ணி வெச்சிருக்கறனுங்க்கா, வராம இருப்பனா?"
முதல் ஞாயிறு பங்காளி வீட்டுக் கல்யாணம்.
அடுத்த ஞாயிறு குண்டடத்தில் யாரோ ஒருவரின் மோட்டார்
கயிறு அறுந்து போருக்குள் போய்விட்டது.
மூன்றாம் ஞாயிறு, இனி நம்புவதில்லை என்று
தலைக்கு எண்ணெய் வைத்து உட்கார்ந்தபோது வந்தார்.
படியேறியதும் "இந்த ஊடுங்களா" என்றார்.
நான் அதைக் கவனிக்கவில்லை.

உள்ளறையில் இவர் தூங்குகிறார்,
ராத்திரி ஷிப்ட் முடிந்து,
மில் பஞ்சையே காதில் திணித்துக்கொண்டு.
கீழே ஓனரம்மா.
நடுவில் நானும் டிரில்லிங் மெஷினும்.
"சத்தம் எச்சா வருமுங்களா?"
"ஓட்டை போட்டா செவுரு கத்தத்தான செய்யுமுங்."

பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து
டம்ளர் தண்ணியில் விட்டார்.
ஆயிரத்து எழுநூற்றிச் சொச்சம்.
பிள்ளையின் மார்க்கை வாத்தியார் சத்தமாக வாசித்ததுபோல்
எனக்கு ஏனோ வெட்கமாயிருந்தது.

பிறகு குழாய்க்கு மேலே டைல்ஸ் மீது
விரலால் தட்டிக்கொண்டே போனார்,
டாக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல்.
ஓரிடத்தில் நின்றார்.
ஸ்குரூடிரைவர் நுனியால் கிண்டினார்.
வெள்ளையாய் உதிர்ந்தது. என் விரலில் வைத்து
மோந்து பாருங் என்றார்.

காய்ந்த பற்பசை. உள்ளே இன்னும் கிராம்பு வாசம்.

"இது நான் போட்ட ஓட்டைதானுங்க்கா.
மிந்தி குடியிருந்தவிய பில்டருக்கு.
காலி பண்ணறப்போ அட்வான்ஸுல புடிச்சுக்குவாங்கனு
அந்தப் புள்ள அழுதுச்சு.
பேஸ்ட்ட வெச்சு அடைச்சு,
மேல சாக்பீஸு தேய்ச்சு உட்டனுங்."

நான்கு ஓட்டைகள். உள்ளே
பழைய பிளாஸ்டிக் கட்டைகள் அப்படியே.
டிரில்லிங் மெஷின் பைக்குத் திரும்பியது.
திருகாணிகள் வழி கேட்காமல் ஏறின.
இவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

"கழிவுப் பைப்பு எங்கீங் உடறது?"
அதை யோசித்திருக்கவே இல்லை.
ஒரு குடம் குடிக்க மூன்று குடம் வெளியே போகுமாம்.
வாளியைக் காட்டினேன்.
"அந்தப் புள்ளையும் வாளிதான் வெச்சிருந்துச்சு.
பாத்திரம் கழுவும், ஊடு தொடைக்கும்.
வாளி எப்ப ரொம்புமுன்னு
தூக்கத்துல கூட காதுல கேக்குமாமா."

முதல் இரண்டு டேங்கைக் கொட்டச் சொன்னார்.
மூன்றாவதில் பிடித்து அவருக்கே நீட்டினேன்.
ஒரு வாய் குடித்தார்.
"சப்புனு இருக்குது. அப்படித்தான் இருக்கோணும்."

கூலி அறுநூறு.
ஓட்டை போடாததற்கு நூறு குறையுங்கள் என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"காலி பண்ணறப்போ ஒரு போன் அடிங்க்கா.
வந்து அடைச்சுக் குடுத்தர்றன்.
அதுக்குக் காசு வேண்டாம்."

வாளித் தண்ணியோடு கீழே இறங்கும்போது
தெய்வாத்தாள் அம்மா கேட்டார்:
"ஆளு வந்தாப்டி இருந்துச்சு, சத்தத்தையே காணமே?"
"குழா ஒழுகுச்சுங்" என்றேன்.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.
தண்ணியில் இப்போது ருசி ஏதும் இல்லை.
டம்ளரைத் தூக்கும்போது விரலில் மட்டும்
கொஞ்சம் கிராம்பு.