உப்புவெளி, ஞாயிறு காலை

மனுவில் பதின்மூன்றாவது கையொப்பம் என்னுடையது.
ஞாயிறு நண்பகல்வரை டியூசன் வேண்டாமாம்.
சுவாமி வாசித்தார், பங்குச் சபை தலையாட்டியது.
நீக்கிலாஸ் அண்ணர் மேசையில் குத்தினார்:
முப்பத்தொரு பிள்ளைகள் மறைக்கல்விக்கு வந்த இடம்,
இப்ப நாலு.
அதிலும் ஒன்று பிஸ்கட்டுக்கு வருவது.

டியூசன் நடக்கிற கொட்டில் யாருடையது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
எல்லாருக்கும் தெரியும்.
என் வளவு, என் தகரம்,
மாதம் பதினெண்ணாயிரம்.
மாதா கெபிக்கு நான் கொளுத்துகிற மெழுகுதிரியும்
அந்தக் காசுதான்.

மூன்றாம் வாங்கில் என் மகன் ஷெரோன்.
போன தவக்காலத்தில் கேட்டேன்,
கோயிலை விட்டிட்டியா என்று.
"கடவுள் இருக்கிறாரா இல்லையா எண்டு
நான் யோசிக்கிறதே இல்லையம்மா.
நவம்பரில சோதனை."

இல்லை என்றிருந்தால் இரவிரவாக வாதாடியிருப்பேன்.
நேரமில்லை என்பவனோடு
என்னத்தை வாதாட?

கடந்த ஞாயிறு பிரசங்கம் உப்பைப் பற்றி.
ஒலிபெருக்கி வேலி தாண்டும்; கொட்டிலுக்கும் கேட்கும்.
பூசை முடிந்து நான் படலையைத் திறக்க,
ஒருகாலம் பீடத்தில் தூபம் பிடித்த டிலோஜன்
இளித்துக்கொண்டு எழும்பி நிற்கிறான்:
"சேர், உப்பு உவர்ப்பிழக்குமா?"

வகுப்புச் சிரித்தது.
பிரதாபன் சேர் சிரிக்கவில்லை.
நெற்றித் திருநீற்றில் சோக்குக் கையால் சொறிந்தார்.
"இழக்காது. கரையும்.
ஆனா மண் கலந்த உப்பெண்டா,
மழைக்கு உப்பு முதல்ல போயிரும்.
மிச்சம் கிடக்கிறது வெள்ளையாத்தான் இருக்கும்.
நிலாவெளி உப்பளத்தில பாத்திருக்கிறன்.
நக்கிப் பாத்தாத்தான் தெரியும்."

பிறகு பலகையைத் துடைத்து
அடுத்த சமன்பாட்டுக்குப் போய்விட்டார்.
நான் பூசைச் சேலையோடு,
செபப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி,
வெயிலில் நின்றேன்.
கதவடியில் அறுபது சோடிச் செருப்பு.
எங்கள் கோயில் வாசலில்
அன்று நான் எண்ணியது இருபத்திரண்டு.

மனு திங்கட்கிழமை போகும்.
வாடகை வெள்ளிக்கிழமை வரும்.
இரண்டையும் நான் மறுக்கப்போவதில்லை,
அதுதான் பாவசங்கீர்த்தனத்தில்
சொல்ல வாய் வராத சங்கதி.

அன்றிரவு சொதியில் உப்புக் கூடிவிட்டதாம்.
ஷெரோன்தான் சொன்னான்,
கோப்பையை வழித்துக்கொண்டே.