அட்டையில் இடமிருந்து மூன்றாவது ஆள்

கழுத்தில் நீல டையோடு
கம்ப்யூட்டர் முன்னால் இருப்பது நான்தான்.
டை கம்பெனியுடையது.
அன்று காலை பதினொன்றுவரை
பர்கூர் குவாரியில் கம்ப்ரசர் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஜீப்பில் வந்த மேனேஜர்
‘நெறமா இருக்கறவங்க ஆறு பேர் ஏறுங்க’ என்றார்.
கல்தூசியில் எல்லாரும் நிறமாகத்தான் இருந்தோம்.
முகம் கழுவியபின்
இரண்டு பேரை இறக்கிவிட்டார்கள்.

முந்தின வாரம்வரை நாங்கள்
சென்னகேசவா கிரானைட்ஸ்.
குன்றில் பாதியைத் தின்றிருந்தோம்.
பிறகு போர்டில் பின்பாதிக்கு வெள்ளையடித்து
இன்ஃபோடெக் என்று எழுதினார்கள்.
கல்லுக்கு அது தெரியாது.
லாரி லாரியாகப் போய்க்கொண்டே இருந்தது.

விசைப்பலகையைத் தொடத் தெரிந்தவள்
டைப்பிஸ்ட் ஜபீனா ஒருத்திதான்.
அவளைப் பின்னால் நிறுத்திவிட்டார்கள்,
கையில் ஒரு பைலைக் கொடுத்து.
‘ஸ்கிரீனப் பாத்து லேசா சிரிங்க.’
சிரித்தோம்.

பத்து ரூபாய்ப் பங்கு, பிரீமியம் முப்பத்தைந்து.
கிருஷ்ணகிரி ரவுண்டானாவில்
ஜெராக்ஸ் கடைக்காரன் விண்ணப்பத்தைக்
கட்டுக்கட்டாக வைத்திருந்தான்.
மாம்பூவுக்குக் குத்தகை பேச
முன்பணத்தோடு கிளம்பிய சந்தூர்க்காரர்கள்
பாதி வழியில் வங்கிக்குத் திரும்பினார்கள்.
பூவையாவது கண்ணால் பார்க்கலாம் என்றாராம்
அவர்களில் ஒருவர்.
அவரும் வரிசையில் நின்றுதான் சொன்னார்.

கேட்டவர்கள் பதினெட்டு மடங்கு.
எங்களுக்குப் போனசில் பிடித்துக்கொண்டு
ஆளுக்கு ஐம்பது பங்கு.

முதல் நாள் தொண்ணூற்றொன்று.
பங்குனிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு.
வெடி வைக்கிற சிக்கண்ணன்
புள்ளி வைத்துப் பேசத் தொடங்கினான்:
நூற்று எண்பத்தாறு புள்ளி நாலு அஞ்சு.
போர்மேன் கடனுக்கு யமஹா எடுத்தார்.
டீக்கடையில் என்னைப் பார்த்தவர்கள்
பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும்.
அந்த அறையில் என்ன இருந்தது என்று
எனக்குத் தெரியும்.
கம்ப்யூட்டர் ஒன்று, அதற்குப் பொட்டு,
மேலே பூப்போட்ட துணி.
தெரிந்தும்,
அந்த அட்டையைத் தினம் பார்த்துப் பார்த்து
அதில் இருப்பவன்மேல் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.
அவன் ஏதோ செய்துகொண்டிருக்கிறான்.
அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.
தெய்வானையின் தோட்டையும் வளையலையும் வைத்து
நூற்றுத் தொண்ணூறில்
இன்னும் நூறு வாங்கினேன்.

இறங்கியதை யாரும் படம் பிடிக்கவில்லை.
ஒரு பங்குக்கு ஒரு சட்டை வாங்கலாம் என்றிருந்தது
ஒரு சாப்பாடு ஆனது,
ஒரு டீ ஆனது.
பிறகு பேப்பரில் அந்த வரியே வரவில்லை.
முதலாளி பெங்களூரில் இருப்பதாகச் சொன்னார்கள்.
போர்டில் மழை பட்டு
வெள்ளைக்கு அடியிலிருந்து
கிரானைட்ஸ் மெல்ல எட்டிப் பார்த்தது.

தர்மபுரி பஸ்ஸில் ஒருநாள்
பக்கத்து சீட்டுக்காரர் என்னையே பார்த்தார்.
பையிலிருந்து நாலாய் மடித்த அட்டையை எடுத்தார்.
மீண்டும் என்னைப் பார்த்தார்.
திம்மராயன், கணக்கு வாத்தியார்,
ஓய்வுப் பணத்தில் முக்கால்வாசி.
நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.
திரும்பியிருந்தால் பக்கவாட்டு முகம்
படத்தில் இருப்பதுபோலவே இருந்திருக்கும்.

திட்டுவார் என்று இருந்தேன்.
‘அந்த ஸ்கிரீன்ல
என்னங்க ஓடிட்டு இருந்துச்சு?’ என்றார்.
‘கரண்ட் இல்லைங்க சார்.’

அட்டையை வெளிச்சத்துக்குக் காட்டினார்.
கறுத்த திரையில் விரலை வைத்தார்.
‘அப்ப இது?’
குனிந்து பார்த்தேன்.
எதிர் ஜன்னல் விழுந்திருந்தது அதில்.
ஜன்னலுக்குள் குன்று,
குன்றின்மேல் கொக்கி தொங்கும் கிரேன்.
இருபதாயிரம் பிரதி அச்சடித்திருந்தார்கள்.
‘அது எங்க குவாரி சார்.’

காவேரிப்பட்டணத்தில் எழுந்தவர்
கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
‘வித்துட்டீங்களா?’
‘இல்லைங்க. வெச்சிருக்கேன்.’

‘நானும்’ என்றார்,
மடிப்பு கலையாமல்
அட்டையைப் பைக்குள் வைத்தபடி.