இரண்டாவது சீட்டு

வாளையாற்றில் எதையும் பிரித்துப் பார்த்துத்தான் விடுவார்கள்,
கல்யாண பீரோ உட்பட.
எனக்கு எடைமேடையில் இரவு ஷிஃப்ட்.
லாரிக்கு இரண்டு சீட்டு:
ஒன்று கம்பெனிக்கு, ஒன்று உண்மை.

அந்த இரண்டாவதை ரம்லத்துக்கு அனுப்ப வேண்டும்.
"சும்மா அனுப்பாதே.
பூட்டை நான் தருகிறேன், பூட்டி அனுப்பு.
சாவி என்னை விட்டு நகராது."

ஆப் இறங்குவதற்குள் டவர் மூன்று முறை மாறியது.
கேரளம் வரவேற்றது, தமிழ்நாடு வரவேற்றது,
நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

கடவுச்சொல் நீளமாகக் கேட்டது.
முதல் சம்பளத்தில் வாங்காமல் விட்டதையெல்லாம்
வரிசையாக அடித்தேன்.
மறந்தால் எனக்கே திறக்காதாம்.
மறக்கிற சாமான்களா அவை.

பிறகு கைரேகை. என்னுடையதல்ல, சாவியினுடையது.
நாற்பது எழுத்து, போனில் அவள் படிக்க
நான் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தேன்.
ஏழு, எட்டு, அஞ்சு எல்லாம் ஒன்றாகவே போனது.
அவள் ரண்டு என்றாள், நான் ரெண்டு என்றேன்.
அந்த ஒற்றைக் கொம்புதான்
எங்களுக்கு நடுவில் செக்போஸ்ட்.

சோதனைக்குக் கையொப்பம் மட்டும் இட்டு
"சாப்பிட்டாயா" என்று அனுப்பினேன்.
"கையொப்பம் பொருந்தலை. வழியில யாரோ தொட்டிருக்காங்க."

ஒட்டியிருந்தது கீழே ஒரு வரி:
இக்கடிதம் ரகசியமானது, இப்படிக்கு நிர்வாகம்.
கம்பெனி ஐடியிலிருந்தே
அனுப்பியிருக்கிறேன்.

வியர்த்தது. நல்லவேளை, வெறும் சாப்பாடு.

சொந்த ஐடி, புதுச் சாவி,
மறுபடி ரண்டு, மறுபடி ரெண்டு.
நான்கு மணிக்கு ஒரு சிமெண்ட் லாரி மேடையேறியது.
எடையை எழுதினேன்.
இரண்டு தடவை.