நாலாம் கட்டில்

பள்ளிப்பட்டு அரசு மருத்துவமனையில்
மனநலப் பிரிவு என்பது
எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் நாலு கட்டில்,
பூட்டு சரியில்லாத ஒரு பீரோ,
நான்.
டாக்டர் வியாழக்கிழமை வருவார்,
பஸ் கிடைத்தால்.

போன சித்திரையில் கணினி வந்தது.
இனிமேல் எல்லாம் அட்டையில்தான் என்றார்கள்.
இதயத்துக்கு இவ்வளவு, சிறுநீரகத்துக்கு இவ்வளவு,
மூட்டு மாற்ற இவ்வளவு என்று
பட்டியல் இறங்கிக்கொண்டே போனது.
தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
மனசு இல்லை.
குடி இல்லை.
ஈரல் இருந்தது.
முழுசாகக் கெட்ட ஈரலுக்கு
நல்ல தொகை இருந்தது.

அந்த வாரம்தான் நாகபூஷணம் வந்தார்.
நகரியில் விசைத்தறி.
அறுந்த இழையைப் பிடித்து முடிய வேண்டும்;
கை ஆடியதில் இழை இரண்டு, நான்காகத் தெரிய
முதலாளி கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்.
வீட்டுக்கு வாசல் தமிழ்நாடு, கொல்லை ஆந்திரா.
அட்டை எந்தப் பக்கத்தது என்று கேட்டேன்.
"குடிச்சது ரெண்டு பக்கமும்தான்"
என்றாள் சக்குபாய்.
சோதனைச் சாவடியில் பாட்டிலைப் பிடிப்பார்கள்.
பாட்டில் காலியான பிறகு
ஆளைப் பிடிக்க எந்தச் சாவடியும் இல்லை.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து
தப்பிச்சீங்க, இன்னும் கெடல என்று சொன்ன ஈரலை
கெட்டது என்று தட்டச்சு செய்தேன்.
திரை பச்சையானது.
பத்து இரவு கிடைத்தது.

நாற்பத்து மூன்று நாள் குடிக்கவில்லை அவர்.
நாற்பத்து நாலாம் நாள்
செல்போனில் குறுஞ்செய்தி வந்தது:
தங்கள் ஈரல் நோய்க்கான தொகை வழங்கப்பட்டது.
பக்கத்து வீட்டுப் பையன்
எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினான்.
போகிற உயிர்தானே என்று
அன்று இரவே எல்லையைத் தாண்டினார்.

"ஏன்மா எங்கிட்ட மறைச்சீங்க?"
சத்தியம் செய்தேன், ஈரல் நல்லா இருக்கு என்று.
என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.
போனில் அரசாங்கம் இருந்தது.

அப்புறம் தணிக்கைக்கு இருவர் வந்தார்கள்.
ஸ்கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து
நல்ல ஈரலுக்கு எதற்கம்மா செலவு என்றார்கள்.
நல்லதாகவே இருக்கட்டும் என்றுதான், சார்.
அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
எனக்கு ஒரு மெமோ.

இந்த மாதம் பட்டியலைத் திருத்திவிட்டார்கள்.
மனசும் சேர்ந்துவிட்டது, குடியும் சேர்ந்துவிட்டது.
திருவள்ளூர் கூட்டத்தில் ஆளுக்கொரு லட்டு.
நானும் கை தட்டினேன், பொய்யில்லை,
இருபது வருடம் இதற்காக மனு எழுதியவள்.
லட்டைத் தின்று முடித்த பிறகுதான்
கடைசிப் பத்தியைப் படித்தேன்:
மூன்று இரவு.

மூன்றாம் இரவில்தான் பாம்பு வரும்.
முதல் நாள் வியர்வை, மறுநாள் வாந்தி.
பகலெல்லாம் என்னிடம் தமிழில் பேசுபவர்
மூன்றாம் இரவு இரண்டு மணிக்கு
பாமுலு, பாமுலு என்று
அம்மாவின் மொழியில் அலறுவார்.
போர்வை மடிப்பெல்லாம் நெளியும் அவருக்கு.
சக்குபாய் ஒவ்வொன்றாக வாலைப் பிடித்து
ஜன்னல் வழியே எறிவாள்,
நிஜமாகவே கையை வீசி.
நான் ஊசி போட்டுவிட்டு
அவளுக்காக ஜன்னலைத் திறந்து பிடிப்பேன்.

காலை எட்டு மணிக்குத் திரை கேட்கிறது:
நோயாளி விடுவிக்கப்பட்டாரா?
ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்.
இல்லையை அமுக்கினால் சிவப்பாகி
மறுபடி அதையே கேட்கிறது.

ஆம்.

கணினியில் நாலாம் கட்டில் காலி.
கட்டிலில் நாகபூஷணம்
வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.
பிரசவ வார்டுக்கு வந்த ரொட்டியில்
ரெண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.
இன்று புதன்.
நாளைக்கு டாக்டர் வர வேண்டும்.